வாளியின் அடியில் படிந்த தோஷம்

தெருவே திரண்டு நின்றது. ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர். துளிச்சாமி எழுந்தருளியிருந்தார் அல்லவா! கொண்டுவந்த வீட்டுத் தண்ணீரைக் குவளையில் ஊற்றுவார். தமது தீர்த்தத்தில் சில துளிகள் விடுவார். கறுத்தால் வீட்டில் தோஷம். கறுக்காதவர்கள் சிறு காணிக்கையோடும், கறுத்தவர்கள் பெருங்காணிக்கையோடும் விடைபெறலாம்.

சலவைக்கடை வீட்டுத் தண்ணீர் மையாய்க் கறுத்தது.

“புதுசா ஒரு கால் வீட்டுக்குள்ள வந்திருக்கே!” என்றார் சாமி.

வந்திருந்தது உண்மைதான்: மருமகள். அதே மாதம் ஆழ்துளைக் கிணறும் வந்திருந்தது. அதற்குக் கால் இல்லாததால் சந்தேகத்துக்கு ஆளாகவில்லை. மருமகளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவதென்று மாமியார் முடிவுகட்டினார். பெட்டியும் கட்டியாயிற்று. கணவன் தொண்டையைக் கனைத்தான். அதற்குமேல் அவன் வீரம் காட்டவில்லை.

கிளம்புமுன் ஓட்டல் மேசைவிரிப்பு ஒன்றை அலசிய மருமகளுக்குச் சுருக்கென்று உறைத்தது. டீக்கறை பட்ட இடம் மட்டும் கிணற்று நீரில் கறுத்திருந்தது. அந்தக் கறையைக் கடையே வாரக்கணக்காகத் திட்டியது. கேள்விதான் யாரும் கேட்கவில்லை. இறைத்தபோது பளிங்காய் இருந்த நீர், வாளியில் ஒரு நாள் நின்றால் சிவந்தது. கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து வந்த இரும்பு, காற்றுப் பட்டதும் துருவாகி அடியில் படிந்தது.

“அத்தை, போறேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை சாமிகிட்ட வாங்க. ரெண்டு பாட்டில் தண்ணி. நீங்களே புடிங்க, நான் தொடக்கூட மாட்டேன்.”

“என்னடி புது வம்பு?”

“ஒண்ணு இப்ப அடிச்ச தண்ணி. இன்னொண்ணு நேத்து வாளியில நின்னது. அதை மட்டும் நாலா மடிச்ச துணியில வடிகட்டுங்க.”

மாமியாரே வடிகட்டினார். துணியில் துரு தங்கியது.

சாமியின் முன்னே முதல் குவளை கறுத்தது. இரண்டாவதில் கறுப்பு மருந்துக்கும் இல்லை.

“இது எந்த வீட்டுத் தண்ணி, தாயே?”

“நீங்களே பாத்துச் சொல்லுங்க சாமி,” என்றாள் மருமகள், மிகுந்த பணிவுடன்.

சாமி கண்ணை மூடினார். “தங்கமான மருமக வந்த வீடு! அந்த மாமியார் குடுத்து வச்சவ!”

குடுத்து வச்சவர் எதிரிலேயே நின்றிருந்தார். “யோவ், ரெண்டும் எங்க கிணத்துத் தண்ணிதான்யா! என் கையால புடிச்சது!”

சாமி விழித்தார். “தோஷம்... துணியில தங்கிருச்சு.”

“தங்கினது துரு, சாமி.” மருமகள் தீர்த்தக் குப்பியை முகர்ந்தாள். “இது டீத்தண்ணி. இரும்பு கரைஞ்ச தண்ணியில பட்டா கறுக்கும். பாலும் சக்கரையும் மறந்துட்டீங்க.”

கறுத்த வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை பேர் வீட்டிலும் ஆழ்துளைக் கிணறு! அவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் சாமி பின்வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

“பெட்டியப் பிரிடி,” என்றார் மாமியார், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு. “ஓட்டல் துணி ஊறிக்கிட்டுக் கெடக்கு.”

கூட்டத்தில் ஒருவர் மட்டும் மெல்ல நெருங்கினார். “அம்மா, தோஷத்தப் புடிச்ச அந்தத் துணி... விலைக்குக் கிடைக்குமா?”

அவருக்கும் அவரையொத்த பெருமக்களுக்கும் பணிவான விண்ணப்பம்: தண்ணீரை வடிகட்ட நாலு மடிப்புத் துணி போதும். காதில் விழுவதை வடிகட்டத் தலைக்குள் ஒன்று வைத்திருக்கிறீர்கள். தயைகூர்ந்து, துருப்பிடிப்பதற்குள் எடுத்துப் பயன்படுத்துங்கள்.