வெள்ளை அட்டையை ஏற்க மறுத்து

பெருமதிப்பிற்குரிய வெர்னா அக்காவுக்கு ஓரின் எழுதிக்கொண்டது. நானும் மனைவி ஆர்டிஸும் மின்னசோட்டாப் பனியில் பாதி புதைந்திருந்தாலும் நலமே. உங்கள் முழங்கால் வலியும், குடும்பக் கூடலின் தலைமைப் பதவியும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல்.

போன கோடைக் கூடலில் 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாளின் நகலைத் தூக்கிப் பிடித்து, நம் கொள்ளுத்தாத்தா டோர்கர் வீட்டில் உங்கள் தாத்தா ஆர்னே 'மகன்', என் தாத்தா நெல்ஸ் 'பண்ணையாள்' என்று ஒலிபெருக்கியில் வாசித்தீர்கள். இருவருக்கும் ஸ்டென்ருட் என்ற பெயர்தானே என்று கேட்டதற்கு, நார்வேக்காரர்களில் பண்ணையில் வேலைக்கு வந்தவனும் பண்ணையின் பெயரைப் போட்டுக்கொள்வது வழக்கம்தான் என்று அந்தப் பெயரையும் பிடுங்கினீர்கள். பிறகு என் சட்டையிலிருந்த, குடும்பத்தாருக்கான மஞ்சள் அட்டையைக் கழற்றிவிட்டு விருந்தாளிகளின் வெள்ளை அட்டையைக் குத்தினீர்கள். எழுபத்தொரு வயதில், கூடாரம் வாடகைக்கு விட வந்தவரோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். எனக்கு ரொம்ப வலித்தது அக்கா.

அன்றிலிருந்து கணினியே கதி. காபிக் கோப்பையைக் கழுவிவிட்டு உட்காரச் சொல்லி ஆர்டிஸ் விரட்டுவாள், நானும் வழக்கம்போல "நான் இந்த வீட்டுப் பண்ணையாள்தானே" என்று கழுவுவேன், அவளும் வழக்கம்போல சிரிக்கமாட்டாள். இப்படியே போய்க்கொண்டிருந்தபோது மூக்குக்கண்ணாடியின் கால் உடைந்தது, அதை ஒட்டுநாடாவால் ஒட்டிக்கொண்டு பார்த்ததில்தான் பிடி கிடைத்தது. வீட்டில் பதில் சொன்னவரின் பெயருக்குப் பக்கத்தில் கணக்கெடுப்பவர் வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி போடவேண்டும். வீட்டில் ஆளில்லாவிட்டால் அக்கம்பக்கத்தில் விசாரித்து, சொன்னவர் பெயரை ஓரத்தில் எழுதவேண்டும். நம் வீட்டு ஓரத்தில் இருக்கிற பெயர் யாருடையது தெரியுமா? இங்கா கிரிண்டே! நம் ஓட்ஸ் வயலில் பன்றியை மேயவிட்டு, டோர்கரோடு சாகும்வரை பேசாத அதே பக்கத்துப் பண்ணை இங்கா. அவள் வேறென்ன சொல்லியிருப்பாள்?

சும்மா இருப்பேனா? ஞாயிறு ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது அவள் பேரன் மில்டனைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க பாட்டி ஒரே வார்த்தையில என் வம்சத்தையே அழிச்சுட்டாங்க."

மில்டன் நிதானமாக பிஸ்கட்டை மென்றுவிட்டு, "சரி, அப்போ எங்க பனி தள்ளுற மெஷினைத் திருப்பிக் குடுத்துடு" என்றான். கொடுத்துவிட்டேன். மறுநாள் இடுப்பளவு பனி. கார் இன்னும் வெளியே வரவில்லை. ஆனால் வெற்றி வெற்றிதான்! வருகிற கூடலில் இக்கடிதத்தை அதே ஒலிபெருக்கியில் வாசித்து, மஞ்சள் அட்டையை உங்கள் கையாலேயே குத்திவிட வேண்டியது.

உங்கள் முழங்கால் குணமாகவும், தங்கள் இல்லத்தில் சகல சௌபாக்கியமும் நிலைக்கவும் வேண்டும்,
தம்பி ஓரின் ஸ்டென்ருட் (மகன் வழி)

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் ஆர்டிஸ் உருப்பெருக்கியோடு வந்தாள். இங்காவின் பெயர் இரண்டு வரி கீழே, அடுத்த வீட்டுக்கு நேராக இருக்கிறதாம். நம் வீட்டில் வட்டக் குறி இருப்பது நெல்ஸ் பெயருக்குப் பக்கத்தில். பதில் சொன்னதே என் தாத்தாதான். "அவர் கையில அப்போ கழுவுற பாத்திரம் ஏதாவது இருந்திருக்கும்" என்றாள் ஆர்டிஸ். "உங்களை மாதிரியே பண்ணையாள்னு சொல்லியிருப்பார். வந்தவன் எழுதிட்டுப் போயிட்டான்."

அக்கா, கூடலில் பெஞ்சு தூக்கும்போதெல்லாம் உங்கள் அப்பா என்ன சொல்வார், ஞாபகம் இருக்கிறதா? அதே "நான் இந்த வீட்டுப் பண்ணையாள்தானே"தான். ஒலிபெருக்கி வேண்டாம். மஞ்சள் அட்டையை மட்டும் கொண்டுவாருங்கள். நான் மில்டன் வீட்டுக்குக் கிளம்புகிறேன், நடந்துதான்.