மெமரிக்கு வேகம் கேட்டு ஒரு படையெடுப்பு

"எனக்குத் தெரியாது" என்று வாயைத் திறந்து சொல்ல முடியாத வியாதி ஒன்று எனக்கு முப்பது வயதுவரை இருந்தது. கிழக்கேகோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில், மயக்க மருந்துகூடக் கொடுக்காமல், ஐந்தே நிமிடத்தில் அதைக் குணப்படுத்தினார்கள்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். திருநெல்வேலியிலிருந்து வந்து, திருவனந்தபுரம் வலியசாலையில் மாமனார் வீட்டு மாடியில் குடியிருந்தேன். ஐ.டி. கம்பெனி மாப்பிள்ளை என்பதால் தெருவில் எந்த வீட்டில் டிவி ரிமோட் மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். (கம்பெனியில் நான் பார்த்தது ஆள் எடுக்கிற வேலை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

மாமனார் ரயில்வேயில் கார்டாக இருந்தவர். ஓய்வு பெற்றதும் விமானியாகிவிட்டார். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிற விளையாட்டு ஒன்று உண்டே, அதில் தினம் சாயங்காலம் ஹாலில் உட்கார்ந்து திருவனந்தபுரத்தில் ஒரு விமானத்தை இறக்குவார். மாமியார் சமையலறையிலிருந்து, "எறங்கியாச்சா? காப்பி கலக்கட்டா?" என்பார். ஆனால் சங்குமுகம் கடலுக்கு மேலே வந்ததும் படம் விக்கி விக்கி நின்றுவிடும். பயணிகள் அந்தரத்தில் தொங்குவார்கள்.

"மெமரி போறலை மாமா. நல்ல ஸ்பீடா வாங்கிப் போட்டா வழுக்கிண்டு போகும்" என்றேன். அட்டையில் 3200 வேகம் என்று கொட்டை எழுத்தில் போட்ட ஒரு ஜோடி மெமரியை வாங்கிவந்து நானே பொருத்தினேன். கம்ப்யூட்டர் உயிரோடு எழுந்ததும், இதய ஆபரேஷன் முடித்த டாக்டர் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டேன்.

விமானம் அன்றும் கடலுக்கு மேலே விக்கியது.

வாழ்நாள் முழுக்க ரயிலின் வேகத்தைக் குறித்து வைத்தவர் சும்மா இருப்பாரா? எங்கெங்கோ தட்டி, மெமரியின் வேகத்தைக் காட்டும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"மாப்ளே, அட்டையில மூவாயிரத்து எரநூறு. இதுல ரெண்டாயிரத்து நூத்து முப்பத்து மூணுன்னு காட்டறதே. என்னவாக்கும் இது?"

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் என் வாய் சொன்னது வேறு.

"ஏமாத்திட்டான் மாமா. டூப்ளிகேட்!"

என் மனைவி காயத்ரி, "எதுக்கும் கடைக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுடலாமே" என்றாள்.

"ஃபோன் போட்டா உஷாராயிடுவான்" என்றேன். (சினிமா பார்த்து வளர்ந்த உடம்பு.)

எதிர்வீட்டு வக்கீல் மாமாவுக்குச் சேதி போனது. கோர்ட்டுக்குப் போவதை நிறுத்திப் பல வருஷமாகியும் ஒரு வழக்குக்காக ஏங்கிக்கொண்டிருந்தவர், அந்த வெயிலில் கறுப்புக் கோட்டையே மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஒரே ஆட்டோவில் மாமனார், வக்கீல் மாமா, நான் என்று மூன்று பேர். கம்ப்யூட்டர் பெட்டி என் மடியில். வழியெல்லாம் வக்கீல் மாமா நுகர்வோர் சட்டத்தை ஆட்டோக்காரருக்கும் சேர்த்து விளக்கினார்.

கடையின் ரிப்பேர் மேஜையில் ஷீபா என்ற பெண் இருந்தார். நான் பெட்டியை அவர் முன்னால் இறக்கி, கடை முழுக்கக் கேட்கும்படி, "ரயில்வேயில சர்வீஸ் பண்ணின மனுஷரை இப்படியா ஏமாத்தறது?" என்று ஆரம்பித்தேன். ஆட்டோவிலேயே ஒத்திகை பார்த்த வசனம்.

ஷீபா பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வயர்களை மாட்டி, ஆன் செய்து, ஒரு கீயைத் தட்டினார். நான் ஜென்மத்தில் பார்த்திராத ஒரு திரை வந்தது. அதில் ஒரு வரிக்கு எதிரே 'ஆஃப்' என்றிருந்ததை 'ஆன்' ஆக்கினார். "கொஞ்சம் வெயிட் செய்யணும் சார்."

திரை இருண்டது. பெட்டி அணைந்தது, முனகி எழுந்தது, மறுபடி அணைந்தது.

"பாத்தேளா மாமா! சாட்சியைக் கொன்னுட்டா!" என்று கத்தினேன். "எவிடென்ஸ்! எவிடென்ஸ்!" என்று வக்கீல் மாமா கோட்டை உதறிக்கொண்டு எழுந்தார். மவுஸ் வாங்க வந்தவர்கள், பிரிண்டருக்கு மை வாங்க வந்தவர்கள் எல்லோரும் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அத்தனை பேர் நடுவே கம்ப்யூட்டர் சாவகாசமாகக் கண் திறந்தது. வேகம், 3200.

"டூப்ளிகேட் ஒண்ணும் இல்ல சார்" என்றார் ஷீபா. "புது மெமரி முதல்ல மெல்லத்தான் ஓடும். அட்டையில உள்ள ஸ்பீட் வேணும்னா செட்டிங்ஸ்ல கேறி நம்மதான் ஆன் ஆக்கணும். ஸ்பீட் மாத்தினா ஃபர்ஸ்ட் டைம் ரெண்டு மூணு பிராவசியம் ஆஃப் ஆயி ஆன் ஆகும். பேடிக்கண்டா." (இரண்டு மூன்று தடவை அணைந்து எழுமாம், பயப்பட வேண்டாமாம்.) பிறகு, ஜுரம் கண்ட குழந்தையிடம் கேட்பது போல, "சாருக்கு கம்ப்யூட்டர் அத்ர பரிச்சயம் இல்ல, அல்லே?"

மாமனார் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, ஒங்களுக்கு ஆபீஸ்ல என்ன வேலை?"

"ஆள் எடுக்கற வேலை மாமா."

"அப்போ இதெல்லாம்?"

"எனக்குத் தெரியாது மாமா."

மாமனார் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மாமனார் சிரிக்க ஆரம்பித்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஷீபாவும் சிரித்தார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மை வாங்க வந்தவரிடமும் எதற்கென்று தெரியாமல் கேட்டேன்.

அன்று சாயங்காலம் விமானம் வெண்ணெய்போல இறங்கியது. ஆனந்தம் தாங்காமல் மாமனார் அதைத் திரும்பத் திரும்பக் கிளப்பி, ஏழு தடவை இறக்கினார்.

வழக்கு கைநழுவிய ஆத்திரத்தில் வக்கீல் மாமா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். இன்றும் நான் காலையில் எழுந்து வர நேரமானால் மாமனார், "மாப்ளையை யாரும் ஆன் பண்ணலையா?" என்று காயத்ரியிடம் கேட்கிறார். போன மாதம் ஒரு கல்யாணத்தில், நான் முன்பின் பார்த்திராத ஒருவர் பந்தியிலிருந்து எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீங்கதானே அந்த ரெண்டாயிரத்து நூத்து முப்பத்து மூணு? கேட்டிருக்கேன், கேட்டிருக்கேன்!"

ஆமாம் என்றேன். என் பெயரை அவர் கேட்கவே இல்லை.