ஒரு பக் கூட இல்லாத அலாரம்

காலத்தை அளக்க மனிதகுலம் நிழலை நம்பியது, மணலை நம்பியது, கடிகாரத்தையும் நம்பித் தொலைத்தது. அத்தனையும் சுத்த வேஸ்ட் என்று நிரூபித்த பெருமை, ஹைதராபாத் மாதாப்பூரில் ஆறாவது மாடியில் வீற்றிருக்கும் புராஜெக்ட் மேனேஜர் திருநாவுக்கரசு அவர்களையே சேரும். மென்பொருளில் இருக்கும் குறைக்கு அங்கே 'பக்' என்று பெயர். பக் குறையக் குறைய வேலை முடிகிறது. பூஜ்யமானால் முடிந்தே விட்டது. ஆகவே, பக்கையே பதியாவிட்டால் எந்த வேலையும் தாமதமாக முடியாது! ஏழு மீட்டிங்குகள் கூட்டிப் பெற்ற ஞானம் இது.

பாவம், மைதிலிக்குத்தான் மண்டையில் ஏறவில்லை. குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள் அவள். பட்டான்செரு ரசாயன ஆலை ஒன்றில் வாயு கசிந்தால் அலாரம் அடிக்க வைக்கும் மென்பொருளைத்தான் சோதித்துக்கொண்டிருந்தாள். அந்த ஆலையில்தான் அவள் புருஷன் ஆனந்தகுமார் ஷிப்ட் பார்க்கிறான்.

"சார், அலாரம் அடிக்கலை."

"எத்தனை பக்?"

"ஒண்ணுதான் சார். ஆனா அடிக்கவே..."

"ஒண்ணுக்கா? கைக்கு இவ்வளவு டென்ஷன்?" மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் ஊறிய தமிழ் அவருடையது; 'எதுக்கு' என்பது 'கைக்கு' என்றும், 'ஆமாம்' என்பது 'ஹவ்' என்றும், 'வேண்டாம்' என்பது 'நக்கோ' என்றும்தான் வரும். "திரையில சிவப்பு விளக்கு எரியுதில்ல?"

"எரியுது."

"ஹவ்! தகவல் போயிடுச்சு. சத்தம் வரலைங்கிறது அழகு சம்பந்தப்பட்ட குறை."

'அழகு' என்று குறித்து, 'பிறகு பார்க்கலாம்' பட்டியலில் தள்ளினார். பக் எண்ணிக்கையைக் காட்டும் சார்ட்டில் கோடு அடக்கமாக இறங்கியது.

"வேணும்னா திரும்பப் பதியறேன் சார்."

"நக்கோ மைதிலி! உங்க ஒரு பக் நம்மை நாலு நாள் லேட்டாக்கிடும். அப்ரைசல் வேற வருது, பாத்துக்கங்க."

அப்ரைசலாவது மண்ணாவது என்று அவள் அதையும் சேர்த்து மூன்று முறை பதிந்தாள். மூன்று முறையும் அவர் புன்னகை மாறாமல் மூடினார். வீட்டில், "பேசாம லீவு போட்டுடுங்க" என்று கெஞ்சிப் பார்த்தாள். "நான் லீவு போட்டா அங்கே இன்னொருத்தன் நிப்பானே" என்றான் ஆனந்தகுமார். அவளுக்கு வந்த கோபத்தில் குக்கரை டங்கென்று இறக்கினாள்.

இருபத்தொன்பதாம் தேதி பக் பூஜ்யம். 'திட்டமிட்டபடி நிறைவு' என்று எழுதிய கேக் வந்தது. கூடவே ஆலையிலிருந்து ஒரு மெயிலும் வந்தது: நாளை கொஞ்சம் வாயுவைக் கசியவிட்டு ஒத்திகை, தொழிலாளர்களோடு உங்கள் தரப்பில் உள்ளே நிற்பவர் யார்? மைதிலி சாமியை வேண்டிக்கொண்டு மேனேஜர் பெயரை அனுப்பிவிட்டாள்.

"நானா? உள்ளேயா?"

"ஆமா சார். கதவைச் சாத்திடுவாங்களாம். அலாரம் அடிச்சதும் திறப்பாங்களாம்."

"அடிக்கலைன்னா?"

"அது அழகு சம்பந்தப்பட்டதுதானே சார்."

கேக் துண்டு வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. மனிதர் ஓடிப்போய்த் தன் திருக்கரத்தாலேயே பக் பதிந்தார். ஒத்திகை ரத்து, ஒப்படைப்பு ஒரு மாதம் தள்ளிப்போனது. அப்பாடா, இனி அலாரம் அடிக்கும் என்று மைதிலிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

துடைத்துக்கொண்டு பதிவுகளைத் திறந்து பார்த்தாள். அவள் பதிந்த மூன்றிலும், "பாதிக்கப்படுவோர்: நாற்பது தொழிலாளர்கள். அவசரம்: இல்லை" என்று மேனேஜர் குறித்து மூடியிருந்தார்.

நாலாவதில்: "பாதிக்கப்படுவோர்: ஒரு மேனேஜர். அவசரம்: உச்சம்."