கப்பல் பாயும் பேட்டரி வண்டியும்

ஆடுகிற ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை நேராக ஓட்டத் தெரிந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். ஆம்பூரில் எங்கள் தோல் தொழிற்சாலையில் இருந்த கப்பல் பாய்.

எண்பதுகளின் தொடக்கம். நான் அங்கே தற்காலிக டைப்பிஸ்ட். தோல் வாங்க வரும் வெளிநாட்டுத் துரை ஒருவருக்கு முழங்கால் வலி. அவர் நடக்கக் கூடாதே என்று எங்கள் முதலாளி, கோல்ஃப் மைதானத்தில் ஓடுகிற பேட்டரி வண்டி ஒன்றை மெட்ராஸில் பழையதாக வாங்கி வந்தார். அதுவரை லாரி ஓட்டிக்கொண்டிருந்த பாய் அதில் ஏறி உட்கார்ந்தார். அப்புறம் வேறு யாரையும் தொடவிடவில்லை. முதலாளியின் மகன் ஒருமுறை ஆசைக்கு உட்கார்ந்து பார்த்தான். அவன் இறங்கியதும் பாய் சீட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

அந்த ஸ்டீரிங் அரைச் சுற்று சும்மாவே சுற்றும். அதற்குப் பிறகுதான் சக்கரத்துக்கு விஷயம் போய்ச் சேரும். பாய் அதற்குத் தோதாகப் பழகியிருந்தார். தோலைப் போட்டு உருட்டும் டிரம் ஷெட் வளைவுக்கு ஆபீஸ் வாசலிலேயே திருப்பிவிடுவார். வண்டி திரும்புவதற்குள் ஒரு பீடியைப் பற்றவைத்து, எதிரே வருகிறவரின் வீட்டு நலம் முழுவதையும் விசாரித்து முடித்திருப்பார். கப்பலை மாதிரி வெகு முன்னாலேயே திருப்பவேண்டியிருந்ததால் வந்த பெயர்தான் கப்பல். ஹாரன் கிடையாது. வாயாலேயே 'பாம் பாம்' என்பார்.

ஒருநாள் துரையை ஏற்றிக்கொண்டு போனபோது கணக்குத் தப்பியது. தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டி ஆள் ஆழம். விளிம்பில் தடுப்புச்சுவர் கிடையாது. தொட்டியை ஒட்டிய வளைவில் வண்டி தாமதமாகத் திரும்பி, முன்சக்கரம் விளிம்பில் போய் நின்றது. துரை இறங்கி, நொண்டிக்கொண்டே காருக்குப் போனார். ஆர்டரும் அவர் கூடவே போனது. முதலாளி கெஞ்சியதில் அவர் இன்னொரு முறை வர ஒப்புக்கொண்டார். அடுத்த முறையும் இப்படி ஆனால் தற்காலிக ஆட்கள் எல்லாரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் சம்பளம் வாங்குகிற ஆள் நான் ஒருத்திதான்.

ஊர் மெக்கானிக்குகள் வந்து மேலே இருந்த நட்டுகளை எல்லாம் முறுக்கிப் பார்த்தார்கள். ஃபாரின் வண்டிக்கு ஃபாரின் சாமான்தான் வேண்டும் என்று கைவிரித்துவிட்டுப் போனார்கள். பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. டைப் அடிக்க எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்த என்னைக் கூப்பிட்டு, வண்டியில் உட்கார்ந்து ஸ்டீரிங்கை மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டச் சொன்னார். அவர் ஒரு பழைய தோலை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டார். அசைவு எதுவரை வருகிறது, எங்கே நின்றுபோகிறது என்று பார்க்கிறாராம். சாப்பாட்டு மணி அடித்தும் ஆட்டிக்கொண்டே இருந்தேன். தூங்கிவிட்டாரோ என்று சந்தேகம் வந்த நேரத்தில் கீழேயிருந்து குரல் வந்தது.

"மாட்டிக்கிச்சி பாப்பா. ராடு ஆடுது, சக்கரம் ஆடல. ராடு முனையில இருக்கிற குண்டு, கிண்ணத்துக்குள்ள லொடலொடன்னு கெடக்குது."

அந்தக் கிண்ணம் ஆம்பூரில் கிடைக்காது. ஷூவுக்குப் போடுகிற அடித்தோல் கிடைக்கும். அதில் ஒரு துண்டை விளக்கெண்ணெயில் ஊறவைத்து, வட்டமாக வெட்டி, கிண்ணத்துக்குள் வைத்துக் குண்டை இறுக்கினார். அவ்வளவுதான், ஆட்டம் போய்விட்டது. விரலால் தொட்டாலே சக்கரம் திரும்பியது. எல்லாரும் கைதட்ட, பாய் ஒரு சலாம் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

வழக்கம்போல ஆபீஸ் வாசலிலேயே வளைவுக்குத் திருப்பினார். வண்டி சொன்ன பேச்சைக் கேட்டு உடனே திரும்பி ஆபீஸுக்குள் வந்துவிட்டது. மறுபடி எடுத்தார், ஸ்டாண்டில் இருந்த சைக்கிள்கள் சரிந்தன. அதற்கடுத்த தடவை கேன்டீன்காரர் வடைச் சட்டியோடு ஓடினார். கை அத்தனை காலம் பழகியதை விடமாட்டேன் என்றது. மறுநாள் துரை வருகிறார். பாய் ஸ்பானரும் கையுமாக மேனேஜரிடம் போய், பழையபடி லூஸ் பண்ணிவிடட்டுமா என்று பணிவாகக் கேட்டார். மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பாய் கொஞ்ச நேரம் வண்டியையே சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"நீ ஓட்டு பாப்பா. நீ எந்த வண்டியும் ஓட்னதில்ல. உன் கைக்குக் கெட்ட பழக்கம் ஒண்ணும் கெடையாது."

சாயங்காலம் முழுக்க ஓட்டிப் பழகினேன். பாய் பக்கத்தில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் துரையை ஏற்றிக்கொண்டு சுண்ணாம்புத் தொட்டி வளைவுக்கு வந்தேன். தொட்டி விளிம்பில், தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சலவைச் சட்டை போட்ட பாய் நின்றிருந்தார். வரவேற்க நிற்கிறார் என்று நினைத்துத் துரை கையசைத்தார். பாயும் பல்லெல்லாம் தெரியச் சலாம் வைத்தார். வண்டி நல்லபடியாகத் திரும்பியது. ஆர்டர் வந்தது. என் வேலையும் நிரந்தரமானது.

அங்கே எதற்குப் போய் நின்றீர்கள் என்று பிறகு கேட்டேன்.

"ஒருவேள வண்டி திரும்பலன்னா, என் மேல இடிச்சி நிக்கட்டும்னுதான்" என்றார், ஏதோ தினமும் செய்கிற வேலை மாதிரி.

அந்தச் சம்பளத்தில்தான் என் தம்பி படித்தான், எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. முதுகுக்குப் பின்னால் ஆள் ஆழத் தொட்டியை வைத்துக்கொண்டு எனக்காக இன்றுவரை வேறு யாரும் நின்றதில்லை, பாய்.