ஆறு பர்னர் அடுப்பும் ஒரு இன்ஷூரன்ஸ்காரரும்

அந்த ஓட்டல் அடுப்பு வீட்டுக்குள் வந்தால் தன் பெயரையே மாற்றி வைத்துக்கொள்வதாக இன்ஷூரன்ஸ்காரர் குளியலறையில் நின்று சபதம் செய்தார். வெளியே நின்று செய்ய அவருக்குத் தைரியம் போதவில்லை.

ஆறு பர்னர், எவர்சில்வர் உடம்பு, கனத்த இரும்புக் கம்பித் தட்டுகள். பார்த்த நாளிலிருந்து மனைவிக்கு வேறு பேச்சே இல்லை. அடுப்பின் மேல் அவருக்கு எந்தப் பகையும் கிடையாது. பயமெல்லாம் மச்சான் மேல்தான். இப்போதே எப்போதாவது வருகிறவன், அடுப்பு வந்துவிட்டால் ஞாயிறுதோறும் படை பட்டாளத்தோடு வந்து இறங்குவான். வாரத்துக்கு ஒரு மதியத் தூக்கம், அதுவும் போச்சு!

"இருக்கறது ரெண்டு பேரு. ஆறு பர்னர் எதுக்குடி?"

"உங்களுக்கு இருக்கறது ரெண்டு காலு. வாசல்ல எதுக்கு எட்டு ஜோடி செருப்பு?"



ஆனால் அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஊராரைப் பயமுறுத்தியே இருபது வருஷம் பிழைப்பு நடத்துகிறவர். அன்று சாயங்காலமே அடுப்புக் கடைக்குப் போய் விற்பனையாளனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"நாளைக்கு அவளோட வர்றேன்ப்பா. சின்ன அடுப்பு உங்கிட்டயே வாங்கிக்கறேன். பெருசைப் பத்திக் கேட்டா நல்லா மிரட்டி விடு. சூடு தாங்காது, சுவரு கருத்துடும், நகர்த்த நாலு ஆள் வேணும்னு சொல்லு."

"கவலையை விடுங்க சார்."

மறுநாள் அவன் மிரட்டிய மிரட்டலில் இன்ஷூரன்ஸ்காரருக்கே வியர்த்தது. மனைவியின் முகம் சுண்டிப்போனது. பாவம் என்று கூடத் தோன்றியது அவருக்கு.

"இன்னொண்ணு மேடம்," என்றான் அவன். "இந்தக் கம்பித் தட்டைத் தூக்கவே தனித் தெம்பு வேணும். இந்த அடுப்புக்கு ஆம்பளை கைதான் சரி."

அடடா, இது நமக்குத் தோன்றாமல் போய்விட்டதே என்று பூரித்துப்போனார் அவர்.

"கேட்டியா? ஆம்பளை கை! உன்னால ஆகுமா? இப்போ பாரு!"

தட்டை ஒற்றைக் கையால் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். தோள்பட்டை ஐயோ என்றது. பக்கத்தில் மிக்ஸி பார்த்துக்கொண்டிருந்த தம்பதி கை தட்டினார்கள்.

"ஏங்க, இவ்வளவு தெம்பை வெச்சிக்கிட்டா சும்மா இருந்தீங்க?" மனைவியின் கையில் அதற்குள் போன் ஏறியிருந்தது. "அண்ணா, ஞாயித்துக்கிழமை எல்லாரும் வந்துடுங்க. இனிமே ஞாயிறு சமையல் உங்க மாப்பிள்ளை பொறுப்பு. ஆமா, அவரே கடைக்கு நடுவுல நின்னு சொல்றாரு!"

தட்டு இன்னும் தலைக்கு மேலேயே இருந்தது.

ஆறு பர்னர் அடுப்பை வண்டியில் ஏற்றும்போது விற்பனையாளனை மடக்கினார்.

"ஏன்டா பாவி, ஆம்பளை கைன்னு சொல்லச் சொல்லி நானா சொன்னேன்?"

"இல்ல சார். அதை நேத்துக் காலையிலேயே மேடம் வந்து சொல்லிட்டுப் போனாங்க. சாயங்காலம் நீங்க வருவீங்கன்னும் சொன்னாங்க."