துவிச்சக்கர வண்டியும் மூன்று அடுக்குகளும்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு குளிருக்கு எதிராக எடுத்த மாபெரும் தீர்மானம், பதுளையில் ஓர் அலுவலகத்தின் மேல்மாடியில், பிளேன்டீக்கும் ரோல்ஸுக்கும் நடுவே நிறைவேறியது. மார்கழிக் குளிரில் அப்புத்தளையிலிருந்து பண்டாரவளை வரை உத்தியோகத்தர்கள் 'துவிச்சக்கர வண்டி'யில் பவனி வருவார்கள். அவர்களது உடை 'மூன்றடுக்கு' முறையில் அமையும். துவிச்சக்கர வண்டி என்பது ஊரில் சைக்கிள் என்று சொல்கிற அதே சாமான்தான். ஆனால் வெறும் சைக்கிளுக்கு நிதி ஒதுக்க முடியாதல்லவா?

பணிப்பாளர் இராசையா திரையில் சுற்றறிக்கையைப் பார்த்து வாசித்தார். "முதல் அடுக்கு வேர்வைய வெளிய தள்ளணும். ரெண்டாவது சூட்டப் பிடிச்சு வைக்கணும். மூணாவது காத்த மறிக்கணும்."

"சார், முழங்கால் மடங்கணுமா?" என்று நிஷாந்த் கேட்டான்.

"அது சுற்றறிக்கையில இல்ல."

நிஷாந்த் அபிவிருத்தி உத்தியோகத்தர். பணிப்பாளருக்குச் சளி பிடிக்காமல் அபிவிருத்தி செய்வது இந்த வருஷம் அவன் பொறுப்பு. போன வருஷம் அந்தப் பொறுப்பில் இருந்தவர், பவனி முடிவில் பணிப்பாளர் ஒரே ஒரு தும்மல் போட்டதால், இப்போது மாற்றலாகி மொனராகலை வெயிலில் கடமையாற்றுகிறார். ஹாலிஎலயில் வீடும் கைக்குழந்தையும் உள்ள நிஷாந்துக்கு அந்த வெயில் வேண்டாம்.

பவனியன்று அவனை மனைவி தனுஜா உடுத்திவிட்டாள். பனியன், அதன் மேல் தெர்மல், கம்பளி ஜேர்சி, நெஞ்சில் காற்றை மறிக்க மடித்த ஞாயிற்றுப் பேப்பர், ரெயின்கோட், கையுறை, காதை மூடும் குல்லா.

"எப்படி இருக்கேன்?"

"உள்ளுக்க இருக்கிறது நீங்கதானா? கைய ஒருக்கா ஆட்டுங்க, பாப்போம்."

அவன் ஆட்டினான். ரெயின்கோட் மட்டும் ஆடியது.

அப்புத்தளையில் மூடுபனி. ஒவ்வொரு உத்தியோகத்தரையும் இரண்டு பேர் தூக்கி சீட்டில் வைத்தார்கள். முதல் ஏற்றத்திலேயே அடுக்குகள் வேலையைத் தொடங்கிவிட்டன. முதல் அடுக்கு கடமை தவறாமல் வேர்வையை வெளியே தள்ளியது. மூன்றாம் அடுக்கு கடமை தவறாமல் அதை உள்ளேயே திருப்பி அனுப்பியது. நடுவில் இருந்த அடுக்கு, அலுவலக மேசையைப் போல, வந்ததையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டது.

தேயிலைத் தோட்டத்து வளைவில் பணிப்பாளர் திடீரென நின்றார். முகம் பீட்ரூட்.

"நிஷாந்த்! அவியுறேன்! ஜிப்பு இறங்குதில்ல!"

நிஷாந்த் பாய்ந்தான். தடித்த கையுறைக்குள் விரல்கள் எங்கே என்று அவனுக்கே தெரியவில்லை. ரோட்டோரம், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் பேர் கொடுத்த கையோடு, பவனியை வரவேற்கக் கொடி பிடித்து நிறுத்தப்பட்டிருந்தார்கள் கொழுந்து பறிக்கும் பெண்கள். அவர்களில் ஜெயலெட்சுமி என்பவள் கொடியைப் பக்கத்தாளிடம் கொடுத்துவிட்டு வந்தாள். தலையில் உரப்பை, இடுப்பில் சுற்றிக் கட்டிய நனைந்த படங்குத் துணி, காலில் ஒன்றுமில்லை.

"நகருங்க தம்பி." ஒரே இழுப்பு. ஜிப்பு இறங்கியது. ஊவா மலைக்காற்று உள்ளே போனது.

பணிப்பாளர் தும்மினார்.

மலை எதிரொலித்தது. நிஷாந்துக்குக் கண்முன்னே மொனராகலை தெரிந்தது. ஆனால், இனிமேல் இழக்க ஒன்றுமில்லை என்று ஆனதும் நெஞ்சு என்னவோ லேசானது. ஜெயலெட்சுமியின் விரல்களைப் பார்த்தான். நீலம் பாய்ந்து கிடந்தன. இதே மாதிரி படங்கு கட்டி வளர்த்தவள்தான் அவன் அம்மாவும்.

"சார், பின்னால வர்ற நம்ம லொறியில ஜேர்சி மிச்சம் கிடக்கு. இவங்களுக்குக் குடுப்போமா?"

பணிப்பாளர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நீதி வழுவாத குரலில் சொன்னார்: "குடுக்கலாம். ஆனா ஒதுக்கீடு துவிச்சக்கர வண்டி ஓட்டுறவங்களுக்குத்தான். சுற்றறிக்கைப்படி இவங்களுக்குக் குளிராது."

ஜெயலெட்சுமி தன் கொடியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"அப்படிங்களா ஐயா? அப்ப எங்களுக்கும் ஆளுக்கொரு சைக்கிளுக்கு எழுதிப் போடுங்க. அது வந்து சேந்ததும் நாங்களும் சட்டப்படி நடுங்க ஆரம்பிக்கிறோம்."