ஐந்து தொப்பிகளோடு பிடிபட்டேன்

பக்தி கூடினால் சிலருக்குப் புத்தி கொஞ்சம் குறைந்துவிடும். எனக்கு அதோடு பொக்கற்றும் புடைத்தது.

இரண்டு வருடத்துக்கு முன் நடந்தது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இருப்பது டெனிஷ் ஊரான அல்பர்ட்ஸ்லுண்டில், பக்கத்து ஊர் டோஸ்ட்ருப்பில் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. பைபிளில் உள்ள சங்கீதம் ஒன்றையாவது, அது எழுதப்பட்ட எபிரேய மொழியிலேயே வாசித்துவிட்டுக் கண்ணை மூடவேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. அதனால் பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் யூதப் பண்பாடும் எபிரேய எழுத்தும் படிக்கச் சேர்ந்தேன். (வயது ஐம்பத்து மூன்று. பென்சில் சீவியோடு வகுப்புக்குப் போனவன் நான் ஒருவன்தான்.)

எழுத்துகளை ஹன்னே ரீச்சர் சொல்லித் தந்தா. வாசிப்பு பழக்குவதற்கு யாக்கோப் என்ற யூதர் வருவதாக இருந்தது, என் வயதுக்காரர். அதற்கு முன் அவர், ஒரு வியாழன் மாலைச் செபத்துக்கு எங்களைத் தங்கள் செபவீட்டுக்குக் கூப்பிட்டார். என் மனைவி ரஞ்சியும் வரலாம் என்றார்.

"மரியாதையா இருங்கோ. யாக்கோப்பின்ர மனம் நொந்தா வாசிப்பு வகுப்பு இல்லை," என்று ஹன்னே எச்சரித்தா.

வாசலில் ஒரு கூடை நிறைய உள்ளங்கை அளவு வட்டத் தொப்பிகள். ஆண்கள் ஒன்றை எடுத்துத் தலையில் வைக்கவேண்டும். வைத்தேன். பெண்களுக்கு மேல்மாடி, ரஞ்சியும் ஹன்னேயும் அங்கே போய்விட்டார்கள்.

செபம் தொடங்கியது. எங்கள் கிறிஸ்தவ சபையில் ஆண்கள் தலையை மூடிக்கொண்டு செபிப்பதில்லை. தை மாதக் குளிரில் கல்லறையடியில் நின்றாலும் கம்பளித் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் "கர்த்தாவே" என்போம். என் கை தன்பாட்டில் போய்த் தொப்பியைக் கழற்றிப் பொக்கற்றுக்குள் போட்டது. கண்ணை மூடினேன்.

தலையில் ஏதோ மெதுவாக வந்து இருந்தது. திரும்பிப் பார்த்தால், யாக்கோப் இன்னொரு தொப்பியை வைத்துவிட்டுச் சிரிக்கிறார். விருந்தாளிக்கு இரண்டாவதும் கொடுக்கிற வழக்கமாக்கும் என்று நினைத்தேன். (எங்கள் வீட்டில் மட்டும் இரண்டாம் முறை சோறு போடாமல் விடுவோமா?) தலையாட்டி நன்றி சொன்னேன். எல்லோரும் எழுந்தார்கள். எழுந்தால் செபம்தானே? கழற்றினேன். மூன்றாவது வந்தது. பிறகு நாலாவது. ஐந்தாவதை எடுக்க அவர் கூடைக்கு ஓடியே போனார். மேலேயிருந்து ரஞ்சி தன் தலையைத் தட்டித் தட்டிக் காட்டினாள். பாவம், தலையிடி. அவளுக்காகவும் செபித்தேன், ஐந்தாவதைக் கழற்றிவிட்டு.

வெளியே போகும்போது வாசலில் ரஞ்சி மறித்தாள்.

"இஞ்சருங்கோ, உங்களுக்கென்ன விசரே? தலையைக் காட்டிக் காட்டி எனக்குக் கை நோகுது!"

"தலையிடியெண்டெல்லோ நினைச்சன்."

"இனித்தான் வரப்போகுது. பொக்கற்றுக்குள்ள என்ன?"

யாக்கோப் பக்கத்தில் நின்றார். ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் வைத்தேன். ஐந்து. ஹன்னே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றா. என் சங்கீதம் இதோடு போயிற்று என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. தெரிந்த டெனிஷில் சொன்னேன்:

"எங்கட ஆக்கள் கடவுளோட கதைக்கேக்க தொப்பி போடுறேல்லை. மரியாதைக்குத்தான் கழட்டினனான்."

"நாங்கள் மரியாதைக்குத்தான் போடுறது," என்றார் யாக்கோப். கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "உங்களுக்கு மறதி வருத்தமெண்டு நினைச்சன். அஞ்சாவதை வைக்கேக்க, உங்கட ஞாபகசக்திக்காக ஒரு செபமும் சொன்னன்."

"நான் உங்கட தாராள மனசுக்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னன்," என்றேன்.

அடுத்த கிழமை அவர் வகுப்புக்கு வந்தார். குளிர்காலம் முழுவதும் வாசிக்கப் பழக்கினார். ஆறே வசனமுள்ள சங்கீதம் ஒன்றை எங்கள் சபையில் எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஒன்பது நிமிடம் பிடித்தது. பாஸ்டர் பொறுமையாக இருந்து ஆமென் சொன்னார்.

இங்கே பிறந்த என் மகள் ஷாரோனுக்கு அந்தச் சங்கீதம் நினைவில்லை, தொப்பிகள்தான் நினைவு. நான் எந்தக் கலியாண வீட்டிலிருந்து திரும்பினாலும் வாசலில் மறித்து, பொக்கற்றைக் காலி பண்ணும்படி டெனிஷில் கட்டளையிடுவாள். காலி பண்ணித்தான் உள்ளே போவேன். இதுவரை ஒன்றும் அகப்பட்டதில்லை, போன மாதம் தவிர. அன்று உள்ளே ஒரு வட்டத் தொப்பி இருந்தது. யாக்கோப் எனக்கென்றே வாங்கித் தந்த பரிசு. கர்த்தர் அறிவார்.

வீட்டில் ஒருவரும் நம்பவில்லை.